தளபதி துவான்முவின் வாய்க்கட்டை

லுவான் நாட்டுத் தலைநகரில், தளபதி துவான்முவின் படை கடித்துக் கழித்த வாய்க்கட்டைகளில் ஒரு கட்டு வாங்கி அடுப்பில் வைத்தால் முப்பது சிப்பாய்கள் பேசுவார்கள். காய்ந்த பைன் விறகைப்போல் மூன்று மடங்கு விலை. ஆனாலும் கஞ்சி சீக்கிரம் கொதிக்கிறது, புகை கண்ணைக் கரிப்பதில்லை, கேட்கப் பேச்சும் கிடைக்கிறது என்பதால் யாரும் பேரம் பேசியதில்லை. வாய்க்கட்டை என்பது ஒரு சாண் நீளக் குச்சி, இரண்டு முனையிலும் கயிறு. எதிரிக்குத் தெரியாமல் நகரவேண்டிய சமயத்தில் சிப்பாய் அதைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடரியில் முடிந்துகொள்வான். எல்லா நாட்டுப் படையிலும் இது உண்டு. மற்ற நாட்டுக் கட்டைகள் எரிந்தால் சாம்பல் மட்டும்தான் மிஞ்சும். துவான்முவின் ஆட்கள் வாயை அடைத்துக்கொண்ட அளவுக்கு வேறு யாரும் அடைத்துக்கொண்டதில்லை. தொண்டைவரை வந்த பேச்சு திரும்பிப் போக வழியில்லாமல் மரத்துக்குள் இறங்கிவிட்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஊறுகாய்ச் சாடியின் மூடிகூட உப்பை இழுத்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் இந்தத் துவான்மு பிறவியிலேயே நாட்டின் பெரிய சத்தக்காரர். அவர் பிறந்து அழுத அழுகையில் ஊரின் பட்டுப்புழுக்கள் ஒன்பது நாள் முசுக்கட்டை இலையைத் தொடவில்லை. பத்து வயதில், வீட்டு வாசலைவிட்டு இறங்காமலே ஏழு ஊர்த் தினைக்கொல்லைகளில் குருவி விரட்டினார். அதற்கு ஏழு ஊரும் கூலி கொடுத்தன. பதினெட்டு வயதில் படைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நாணல்துறையில் இரண்டாயிரம் பேர் சேற்றுக்குள் மூக்குமட்டும் வெளியே தெரியப் பதுங்கிக் கிடந்தபோது, நான்காம் நாள் காலையில் துவான்மு பக்கத்து ஆளிடம், "வெங்காயத்தாள் ஏதாச்சும் வச்சிருக்கியாண்ணே?" என்று ரகசியமாகக் கேட்டார். ரகசியம் ஆற்றைத் தாண்டி எதிரியின் குதிரைகளை மிரட்டியது. எதிரிப் படை அப்படியே திரும்பிப் போய்விட்டது; போகும்போது ஒரு வெங்காயத்தாளை அம்பில் கட்டி எய்துவிட்டுப் போனதாகவும் சொல்வார்கள்.

பதுங்கியிருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததற்கு அவருடைய தலைவர் நாக்கை வெட்டச் சொல்லியிருக்கவேண்டும். வெட்டுகிற ஆளுக்கு அன்று வயிற்றுப்போக்கு. அதனால் ஒரு கட்டையைக் கொடுத்து, இதைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் இரு, தூங்கும்போதும் எடுக்காதே என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கடித்த மூன்றாம் நாளே துவான்முவுக்குக் காது திறந்தது. அதுவரை தன் சத்தத்தைத் தவிர வேறு எதையும் கேட்டிராத மனிதர். பதினொரு காதத்துக்கு அப்பால் எதிரியின் குதிரைகள் கொள்ளு மெல்வது கேட்டது. அதிலே எந்தக் குதிரைக்குச் சொத்தைப்பல் என்பதும் தெரிந்தது. அப்படிப்பட்ட ஆளை எத்தனை நாளைக்குக் காலாட்படையில் வைத்திருக்க முடியும்? படிப்படியாக உயர்த்தினார்கள். முப்பது வயதில் எண்ணாயிரம் பேருக்குத் தளபதி. தளபதியும் கட்டை கடிக்கவேண்டும் என்று அவரே ஒரு விதி போட்டுக்கொண்டார்.

அதற்கு எட்டு வருடம் முன்பே அவருக்கு ஜியுன் என்ற பெண்ணைக் கட்டிவைத்திருந்தார்கள். பட்டுக்கூடு வேகவைக்கிறவரின் மகள்; கொதிக்கிற வெந்நீரில் கையை விட்டு நூலின் நுனியைப் பிடித்து எடுக்கிறவள், அதனால் எதற்கும் கையைப் பின்னுக்கு இழுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கல்யாணமான மூன்றாம் நாள் எல்லைக் கோபுரத்தில் போர்ப்புகை ஏறிவிட்டது. துவான்மு மாமனார் வீட்டு இலந்தை மரத்தில் ஒரு கிளையை வெட்டி, ஒரே நீளத்தில் இரண்டு கட்டை சீவினார். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவளுக்கு. போர்க்களத்தில் விழுந்தவனின் உடம்பு வீடு வந்து சேராது என்பதால், சோடிக் கட்டையை வீட்டில் விட்டுப்போவதும், சேதி வந்தால் அதைப் புதைத்து அழுவதும் எங்கள் நாட்டில் வழக்கம். மற்ற பெண்கள் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஜியுன் அன்று மாலையே எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள். காரணம் மாமியார். அந்த அம்மாள் தொண்ணூற்றொரு வயதுவரை இருந்தாள். அதில் மருமகள் வந்தபிறகான இருபத்துநான்கு வருடமும், தண்ணீர் குடிக்கிற நேரம் தவிர, பேசிக்கொண்டே இருந்தாள்.

துவான்மு நாற்பத்தொரு போர் செய்து நாற்பத்தொன்றிலும் வென்றார். அவருடைய படை நடக்கும்போது காடைகள் சிப்பாய்களின் தலைக்கவசத்தில் கூடு கட்டி முட்டையிட்டன. பொரிக்கும்வரை கவசத்தைக் கழற்றக்கூடாது என்று உத்தரவும் இருந்தது. ஒருமுறை எதிரியின் காவல்காரனைத் தோளில் தட்டி, சைகையால் ஓரமாக நகரச் சொல்லிவிட்டு எண்ணாயிரம் பேரும் அவனைக் கடந்து போனார்கள். அவன் தன் நாட்டுப் படைதான் என்று நினைத்து வணங்கினான். உலர்புல் நகரத்தைப் பிடித்த செய்தி அந்நகர மக்களுக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் வரி வாங்க வந்தவரின் தொப்பி மாறியிருந்ததால். எல்லாம் சரி, ஆனால் இப்படி இருந்து இருந்து மனிதர் வீட்டிலும் பேச மறந்துவிட்டார். வருடத்துக்குப் பத்து நாள் வருவார். கஞ்சி குடிப்பார், சிரிப்பார், "உப்பு" என்பார், புறப்பட்டுவிடுவார். ஜியுன் கணக்குப் பார்த்ததில் இருபத்தெட்டு வருடத்தில் "உப்பு" நூற்றுப்பதினேழு முறை, "சரி" அறுபது முறை, "நல்லாருக்கு" இரண்டே முறை, அதிலும் ஒன்று வாத்தைப் பார்த்துச் சொன்னது.

விரிசல் விட்ட கட்டைகளை எரித்தால் பேசும் என்பதைக் கண்டுபிடித்தது படைச் சமையல்காரன். அதற்குப்பின் நகரமே அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டது. "எவண்டா என் செருப்பை மாத்தினது, ரெண்டும் இடது காலா இருக்கு" என்று ஒரு கட்டை கத்தும். "தங்கச்சிக்கு அந்தக் குயவன் வீட்டுப் பையன் வேணாம்மா, அவன் கூன் போட்டு நடக்கிறான்" என்று இன்னொன்று அம்மாவிடம் மன்றாடும். அதைக் கேட்டு இரண்டு கல்யாணம் நின்றது, மூன்று நடந்தது. பன்னிரண்டு வருடம் நடந்தபடியே காலடியை எண்ணிய ஒருவனின் கட்டை மட்டும் மலிவாகக் கிடைத்தது. பிள்ளைகளைத் தூங்கவைக்க வாங்கினார்கள். எல்லாக் கட்டைகளிலும் பொதுவாக இருந்த ஒரே விஷயம் ராஜாவைப் பற்றிய வசை. அது எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த இடம் வந்தால் பெண்கள் சட்டியை ஓங்கிக் கரண்டியால் தட்டுவார்கள்.

அரண்மனைச் சமையல்காரி தட்ட மறந்ததுதான் வினை. அப்போது ராஜாவுக்கு இருபத்துநான்கு வயது. பதினொரு வயதில் பட்டத்துக்கு வந்தவர். தாடியில் பதினேழு முடி. அதைச் சீவ இரண்டு ஆள். ஆமைச் சாறு கொதித்துக்கொண்டிருந்தபோது அடுப்பிலிருந்து ஒரு குரல் கூடம்வரைக்கும் தெளிவாகக் கேட்டது: "அது தாடியா, இல்ல வெள்ளாடு மேய்ஞ்சு மிச்சம் வச்ச புல்லா?" ராஜா கரண்டியைக் கீழே வைத்தார். அமைச்சர் குங் தாவ் பக்கத்திலேயே இருந்தார்; துவான்முவின் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும், ஏனென்றால் சந்தையில் ஜனங்கள் துவான்முவுக்கு வழிவிடுவார்கள், இவருக்கோ வழிவிடச் சொல்லவேண்டும்.

"சிப்பாய் எங்கிருந்து கத்துக்கிறான், மகாராஜா? தளபதிகிட்டதான். தளபதி கட்டையை எரிச்சுப் பாத்துடலாமே" என்றார் அமைச்சர்.

உத்தரவு துவான்முவின் வீட்டுக்கு வந்தது. ஒன்பதாம் நாள் காலை, சபையில், எல்லார் முன்னும் தளபதியின் கட்டை எரியும். ராஜாவைப் பற்றி ஒரு தப்பான சொல் வந்தாலும் தளபதியின் தலை போகும்.

எட்டாம் நாள் ஜியுன் கொல்லையிலிருந்து வந்தபோது துவான்மு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். போருக்குப் புறப்படுகிற தளபதி, செத்தவனுக்கு வெட்டுவதுபோல நகம் வெட்டி, பிணத்துக்கு உடுத்துகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு, பிணம் போகிற வடக்குப் பக்கத்து இழவு வாசல் வழியாகப் போகவேண்டும். திரும்பி வருகிற ஆசையை முதலிலேயே கழற்றி வைத்துவிடத்தான். நாற்பத்தொரு முறை அவள் இதைப் பார்த்திருக்கிறாள்.

"இப்ப எந்த ஊரு மேல போறீங்க?" என்று கேட்டாள்.

"அரண்மனை."

"அதையுமா பிடிக்கப் போறீங்க?"

அவர் மோவாயால் கட்டையைக் காட்டினார். அவளுக்கும் உத்தரவு தெரியும்தான். அவர் வாயால் வரட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தாள். "அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றாள்.

"உறைஞ்ச ஆறு."

பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய குளிர்காலம் அது. எண்ணாயிரம் பேருக்கும் குளிர் அங்கி வரவேண்டியிருந்தது, வரவில்லை. "எவ்வளவு நேரம் திட்டினீங்க?" என்றாள் ஜியுன்.

"ஏழு நாள்."

"ராஜாவையா?"

"அவரை, அவங்கப்பாவை, தாத்தாவை. அஞ்சாம் நாள் குதிரையை."

"குதிரை என்னங்க பாவம் பண்ணிச்சு?"

"அப்ப வேற ஆள் மிச்சமில்ல."

ஜியுன் அவர் எதிரே உட்கார்ந்தாள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல என்கிட்ட இவ்வளவு பேசினது இன்னிக்குத்தான்" என்றாள். துவான்மு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றார். அது அறுபத்தோராவது.

மறுநாள் விடிந்ததும் அவர் குளிக்கப்போன நேரத்தில் அவள் கட்டையை மாற்றினாள். ஒரே கிளை, ஒரே நீளம், இரண்டிலும் பல் பதிந்த குழி. பெற்றவளே வந்தாலும் வித்தியாசம் சொல்லமுடியாது. தன் கட்டையில் மாமியாரும் புருஷனும்தான் இருப்பார்கள், ராஜாவுக்கு அங்கே என்ன வேலை என்று அவள் நினைத்தாள்.

சபையில் வெண்கலக் கணப்பில் கட்டையை வைத்தார்கள். கடித்த வரிசையில்தான் பேச்சு வெளிவரும் என்பதால் முதலில் வந்தது இருபது வயதுப் பெண் குரல். "மூணு நாள். மூணே மூணு நாள். கையில ஒரு குச்சியைக் குடுத்துட்டுப் போறாரு மனுஷன். ஒரு சீப்பு குடுத்திருக்கலாம். ஒரு வாத்து குடுத்திருக்கலாம்."

துவான்முவுக்கு ஒரு நொடியில் புரிந்தது. கட்டையை மாற்றி ராஜாவை ஏமாற்றினால் அதற்கும் தலைதான், இந்த முறை அவளுடையது.

"தளபதியாரே, உங்க குரல் இவ்வளவு மெல்லிசா?" என்றார் ராஜா.

"சின்ன வயசுல, மகாராஜா."

"'என் மாமியாருக்கு நாக்கா, இல்ல நெசவுத்தறி நாடாவா'ன்னு கேக்குதே. உங்க மாமியாரையா சொல்றீங்க?"

"கொஞ்சம் பேசுவாங்க, மகாராஜா."

"'என் புருஷன்'னும் சொல்லிச்சே."

துவான்முவின் வாழ்க்கையிலேயே கடினமான முற்றுகை அதுதான். "படையில தனியா இருந்தா மனசு எங்கெங்கியோ போகும், மகாராஜா" என்றார். ராஜா மேலே கேட்கவில்லை. கேட்டால் கட்டை சொல்வது காதில் விழாமல் போய்விடும் என்ற கவலை அவருக்கு. அவருக்கு அம்மா இல்லை, பாட்டி இல்லை, ஒரு வீட்டுச் சண்டையைக்கூட அதுவரை அவர் கேட்டதில்லை. சுட்ட கஷ்கொட்டை கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு சாண் கட்டை எரிந்தது எரிந்தபடி நாள் கணக்கில் நின்றது. முதல் நாள் முழுக்க மாமியார். இரண்டாம் நாள் நொண்டிக்கோழி களவுபோன விவகாரம். அதில் சபையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஊர் ஜனங்கள் படிக்கட்டுவரை வந்து பாய் விரித்துவிட்டார்கள். ஜியுனும் தினமும் புருஷனுக்குக் கஞ்சிப் பானையோடு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே இரண்டு முறை சிரித்தும்விட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் கட்டையின் பேச்சில் அந்தக் குளிர்காலம் வந்தது. பானை அவள் கையில் கனத்தது. அப்போது தானும் திட்டியதை அவள் அடியோடு மறந்துபோயிருந்தாள்.

"இது என் அங்கி" என்றது கட்டை. "நான் தைச்ச அங்கி. கழுத்துல நீல நூல்ல கொக்கு போட்டிருக்கேன், ஒரு கால் குட்டையா விழுந்துடுச்சு, அதே கொக்கு. படைக்கு அனுப்பறோம்னு அரண்மனைக் கிடங்குல வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்ப அமைச்சர் குங் தாவ் வீட்டு வேட்டை நாய் அதைப் போட்டுக்கிட்டுச் சந்தைக்கு வருது. என் புருஷன் பனியில நிக்கிறான், நாய் கொக்கு போட்ட அங்கியில நடக்குது. இந்த ராஜா என்ன பண்றான்? சிம்மாசனத்துல உக்காந்தா கால் தரைக்கு எட்டல. ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கான். எறும்புக்குச் சீனிக் கிடங்குல காவல் குடுத்த மாதிரி ஒரு நாட்டை இந்த மூக்கொழுகிகிட்ட குடுத்து வச்சிருக்காங்க."

கஷ்கொட்டை உரிக்கிற சத்தம் நின்றது. அமைச்சர் எழுந்து, "கேட்டீங்களா மகாராஜா" என்றார். நாயைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. துவான்மு முன்னால் வந்து மண்டியிட்டு, சட்டைக் கழுத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். நாணல்துறைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து இவ்வளவு பெரிய சத்தம் வந்ததில்லை; உத்தரத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. "நான்தான் சொன்னேன். அது என் குரல். அந்தக் கொக்கைத் தைச்சதும் நான்தான்."

"நல்லாத் தைப்பீங்களே, ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்றபடி ஜியுன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, பானையை இறக்கிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். "மகாராஜா, குரலும் என்னுது, கட்டையும் என்னுது. இவர் கட்டை வீட்டுல இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். இதை நான் எப்ப சொன்னேன்?"

"இப்பத்தானே எல்லாரும் கேட்டோம்" என்றார் அமைச்சர்.

"கட்டை சொல்லிச்சு. நான் சொல்லலையே. சொல்லியிருந்தா கட்டைக்குள்ள எப்படிங்க இருக்கும்? வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? மாமியார் இருபத்துநாலு வருஷம் பேசினாங்க, ஒரு பதில் சொல்லல. நாயைப் பாத்தேன், சொல்லல. உங்களை நினைச்சேன், சொல்லல. இதுக்குத் தலையை எடுத்தா, அப்புறம் நாட்டுல எல்லாரும் எதுக்கு வாயை மூடணும்?"

ராஜா சட்டச் சுவடிக்காரரைப் பார்த்தார். அவர் மூங்கில் சுவடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரித்து, மூக்கு உரச இரண்டு முறை படித்தார். "அரசரை இழித்துப் பேசியவனுக்கு" என்றுதான் இருக்கிறது, பேசாமல் கடித்தவனுக்கு என்று எங்கும் இல்லை என்றார். மேலும், எட்டாவது மூங்கில் பட்டையின்படி, பெரியவர்கள் எதிரில் சொல்லை அடக்கியவர்களுக்கு ஒரு சோடி வாத்து பரிசு உண்டு என்றும் சொன்னார். ராஜா தன் பதினேழு முடியையும் ஒவ்வொன்றாகத் தடவினார். கால்கள் இப்போது தரைக்கு எட்டுகின்றனவா என்று ஒருமுறை குனிந்து பார்த்ததையும் பலர் கவனித்தார்கள்.

"தளபதியாரே, அங்க ரொம்பக் குளிரா?"

"மகாராஜா, காலையில ஒதுங்கப் போனா, விழறதுக்கு முன்னாடியே உறைஞ்சுடும். அதையே உடைச்சுக் கூடாரத்துக்கு முளையா அடிச்சோம்."

ராஜா கஷ்கொட்டைத் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு அங்கி போயாச்சுன்னுதான் சொன்னாங்க. முத்திரை வச்சேன்" என்றார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார். "நாய் இப்ப எங்க?"

"செத்துப் போச்சு, மகாராஜா. வயசாகி."

"மிச்ச அங்கி?"

அமைச்சருக்கு நாய் ஒன்றல்ல, நாற்பது என்பதும், மீதியை வடக்கு நாட்டு வியாபாரிக்குக் கைமாற்றியதும் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. தலையை எடுக்கவில்லை. எண்ணாயிரம் அங்கியையும் அவர் தன் கையாலேயே தைத்துக் கொடுக்கவேண்டும், ஒவ்வொன்றின் கழுத்திலும் நீலக் கொக்கு இருக்கவேண்டும் என்று ராஜா உத்தரவிட்டார். கட்டையை மாற்றிய குற்றத்தை, மாற்றாவிட்டால் அங்கி விஷயம் வெளியே வந்திருக்காது என்று சொல்லி மன்னித்துவிட்டார். குங் தாவ் ஆயுள் முழுக்கத் தைத்தார். முதல் நூறு சுமார்தான். அப்புறம் கை பழகிவிட்டது. இறக்கும்போது நான்காயிரத்துச் சொச்சம் முடித்திருந்தார், பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் அவரிடம் தைக்கச் சொல்லி ஆள் வந்தது. அமைச்சராக இருந்ததைவிடச் சந்தோஷமாக இருந்தார் என்று அவர் வீட்டு ஆட்களே சொல்கிறார்கள். எரியாத மிச்சக் கட்டையை நான்காம் நாளும் எரித்தார்கள், நொண்டிக்கோழியைத் திருடியது யார் என்று தெரியாமல் ராஜா எழுந்திருக்க மறுத்துவிட்டதால். மாமியார்தான்.

அந்த வருடத்திலிருந்து ராஜாவும் ஒரு வாய்க்கட்டை வைத்துக்கொண்டார். ஆலோசனைக் கூட்டங்களில் கடித்துக்கொண்டு உட்காருவார். அமைச்சர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். வருடக் கடைசி நாளில் நாற்சந்தியில் அதை எரிப்பார்கள், ராஜாவே வந்து உட்கார்ந்து கேட்பார். தாடி அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முதல் வருடமே ஊருக்குத் தெரிந்துபோனது. மறுநாள் எடுத்துவிட்டார், முகம் தெளிவாக இருந்தது.

துவான்மு ஐம்பத்தைந்தாவது வயதில் படையை விட்டு வீட்டுக்கு வந்தார். இழவு வாசல் வழியாக நாற்பத்தொரு முறை போனவர், கடைசியாக ஒரு சோடி வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெற்கு வாசல் வழியாகத் திரும்பினார். முதல் பனி விழுந்த காலையில் ஜியுன் பெட்டியைத் திறந்து அவருடைய கட்டையை எடுத்தாள். "வைக்கட்டுமா?" என்றாள். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பலகையை இழுத்துப் போட்டார்.

கட்டை பற்றியதும் இருபத்திரண்டு வயதுக் குரல் முதலில் வெங்காயத்தாள் கேட்டது. பிறகு, "ஜியுன், சீப்பு வாங்கித் தந்திருக்கணும், மறந்துட்டேன்" என்று ஆரம்பித்தது. அதன்பின் நிறுத்தவே இல்லை. வழியில் பார்த்த கொக்கு, காலில் வந்த கொப்புளம், அவள் கழுத்துக்குப் பின்னாலிருந்த மச்சம், கஞ்சியில் அவள் போடுகிற இஞ்சி, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிக்கொண்டே நாற்பத்தொரு போருக்கும் போனது. உறைந்த ஆறு வந்தபோது, ராஜாவை அவள் திட்டியதையே எண்ணூறு காதத்துக்கு அப்பாலிருந்து சொல்லுக்குச் சொல் அவரும் திட்டியிருந்தார், சீனிக் கிடங்கு எறும்பு உள்பட. ராஜாவின் அப்பாவும் தாத்தாவும் குதிரையும்தான் கூடுதல். ஜியுன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். முப்பத்துமூன்று வருடக் கேள்விகள் அவளிடம் இருந்தன, ஒன்றையும் குறுக்கே கேட்கவில்லை. கஞ்சி ஆறியபோது துவான்மு "உப்பு" என்றார். அவள் கையை நீட்டிக் கொடுத்தாள், கண் அடுப்பிலேயே இருந்தது.

வில்லோ மரம் துளிர்க்கும்வரை அந்தக் கட்டை எரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் வேறு விறகு வாங்கவில்லை என்று விறகுக்காரன்தான் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டான்.